கல்லூரியில் முதல் ஆண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில வாரங்களாக எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி முதலாண்டு வகுப்புகளிலேயே கழிந்தது. ஆகவே இம்முறை இந்தப் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆசிரியர் கேள்வி கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நான் இந்தப் படிப்புக்கு வந்தது தவறா?
– மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்: தவறே இல்லை, மகளே. உங்கள் கடிதத்தைப் படித்தபோது பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். அன்று அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடம். கரும்பலகையில் மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதி, "இதன் ரேங்க் என்ன?" என்று அவளைக் கேட்டேன். எழுந்து நின்றாளே தவிரப் பதில் வரவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கி வந்து, "மேடம், ரேங்க் மாணவர்களுக்குத்தானே போடுவார்கள், அணிக்கு எப்படிப் போடுவது?" என்று கேட்டாள். நான் பலகையில் "அணித்தரம்" என்று ஒரே ஒரு சொல்லை எழுதினேன். அவள் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நிரைகளைக் கழித்து, அணியை நிரை-ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, கடைசி நிரை முழுவதும் பூச்சியமாவதைக் காட்டி, "இரண்டு" என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. அந்தக் கணக்குக்கு இங்கே வழங்கும் பெயர்தான் தெரிந்திருக்கவில்லை.

உங்கள் நிலையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பகுதி வகைக்கெழுவைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இங்கே அதைப் பார்ஷியல் டெரிவேட்டிவ் என்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான் இங்கே மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா என்று வருகிறது. ஆகவே நீங்கள் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களைத் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் இரு வழி நூல்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே பாடம், ஒரே வரிசை, பெரும்பாலும் அதே எடுத்துக்காட்டுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்கெனவே தெரிந்த ஒரு பாடத்தை ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள். புதிய பாடத்தையும் புதிய மொழியையும் ஒரே நேரத்தில் சுமப்பதால்தான் மூச்சு முட்டுகிறது. தெரிந்த பாடத்தின் மேல் மொழியைப் படித்தால் அந்தச் சுமை பாதியாகிவிடும். வகுப்பில் கேட்ட கலைச்சொற்களை அன்றன்று மாலை ஒரு சிறு நோட்டில் தமிழ்ச் சொல்லோடு எழுதி வையுங்கள். நான் சொன்ன அந்தப் பெண் முதல் செமஸ்டர் முழுவதும் இதைத்தான் செய்தாள். அந்த நோட்டை அடுத்த ஆண்டு வந்த பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று: சந்தேகத்தை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறைக்குப் போய்த் தமிழிலேயே கேளுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் என் அறைக்கு வந்து கேட்டவர்களை ஆண்டுக்குப் பத்துப் பேர் என்று எண்ணிவிடலாம். வராதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை இருந்தது. தேர்வில் நீளமான ஆங்கில வாக்கியங்கள் வேண்டியதில்லை. சிறு சிறு வாக்கியங்கள், பெயர் குறித்த தெளிவான படம், விடுபடாத படிகள் இருந்தால் திருத்துபவர் மதிப்பெண் தருவார்.

கேள்வி: முதல் செமஸ்டரில் கணிதம், இயற்பியல், பைத்தான் நிரலாக்கம் மூன்றிலும் அரியர் விழுந்துவிட்டது. பிளஸ் டூவில் கணிதத்தில் 91 எடுத்தவன் நான். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். கணிதத்தில் 48 போட்டிருக்கிறார்கள். 45 எடுத்த நண்பன் தேர்ச்சி பெற்றுவிட்டான். இது எப்படி நியாயம்? எங்கள் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையைப் பின்பற்றுகிறது. அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
– மாணவர், சேலம் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் இன்டர்னல் மதிப்பெண், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் மதிப்பெண் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. விடை அங்கேதான் இருக்கிறது. அந்த ஒழுங்குமுறையின்படி கணிதம் போன்ற எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. நூற்றுக்கு நடக்கும் தேர்வின் மதிப்பெண்ணை அறுபதுக்குக் குறைத்துக் கூட்டுவார்கள். தேர்வில் குறைந்தது 45 எடுக்க வேண்டும். அதோடு இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். உங்கள் 48 அறுபதுக்கு 28.8 ஆகிறது. நண்பரின் 45 அறுபதுக்கு 27 ஆகிறது. அவருக்கு இன்டர்னலில் 23 இருந்தாலே 50 வந்துவிடும். உங்களுக்கு 14 இருந்திருந்தால் மொத்தம் 42.8தான். அதே 14-ஐ வைத்துக்கொண்டு தேர்ச்சி பெற வேண்டுமானால் தேர்வில் 60 எடுத்தாக வேண்டும். நண்பரைவிட இன்டர்னலில் குறைந்த ஒன்பது மதிப்பெண் தேர்வு அறையில் பதினைந்து மதிப்பெண்ணாக வளர்ந்து நிற்கிறது. பள்ளியில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் எப்படி எழுதியிருந்தாலும் பொதுத்தேர்வு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. இங்கே எதுவும் மறைவதில்லை. ஒவ்வொரு இன்டர்னல் மதிப்பீட்டிலும் எழுத்துத் தேர்வின் பங்கு 60. அசைன்மென்ட், செமினார் போன்றவற்றின் பங்கு 40. கடைசி நாளில் பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதிக் கொடுத்த, அல்லது கொடுக்காமலே விட்ட அசைன்மென்ட்டுகளை இப்போது எண்ணிப் பாருங்கள்.

"மூன்று யூனிட் போதும் என்று சீனியர்கள் சொன்னார்கள்" என்றும் கடிதத்தின் இடையில் எழுதியிருக்கிறீர்கள். இந்த அறிவுரையால் எத்தனை பிள்ளைகள் விழுந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பதினாறு மதிப்பெண் கேள்விகள் ஐந்து. ஐந்து யூனிட்டுகளிலிருந்தும் சமமாகக் கேட்பதால் ஒரு யூனிட்டுக்கு இருபது மதிப்பெண். "அல்லது" என்று வரும் மாற்றுக் கேள்வியும் அதே யூனிட்டிலிருந்துதான் வரும். ஆகவே இரண்டு யூனிட்டை விட்டவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. அவருடைய தேர்வு அறுபதுக்குத்தான் நடக்கிறது. அதில் ஒரு கணக்கு இடையில் தவறினால்கூட 45-க்குக் கீழே போக நேரம் ஆகாது. ஐந்து யூனிட்டையும் ஓரளவு படித்தவர், மூன்றை மிக நன்றாகப் படித்தவரைவிடப் பத்திரமான இடத்தில் இருக்கிறார்.

இனி என்ன செய்வது? மூன்று அரியரையும் அடுத்த தேர்வில் எழுதுங்கள். ஆனால் அவற்றுக்காக இரண்டாம் செமஸ்டர் பாடங்களைக் கைவிட்டால் அங்கே புதிதாக மூன்று சேரும். கணிதத்துக்கு நாள்தோறும் அரை மணி நேரம், இரண்டு கணக்குகள், விடையைப் பார்க்காமல் முடிவு வரை போட்டுப் பாருங்கள். நான்கு மாதங்களில் அது இருநூறு கணக்குகளைத் தாண்டும். பைத்தானைத் தாளில் படித்து யாரும் தேறியதில்லை. லேப் மாலையில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை வந்தால் அது ஏன் வந்தது என்று பார்க்கப் பழகுங்கள். இயற்பியலை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் எடுக்க வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் பலவும் பார்ப்பது அப்போது நிலுவையில் அரியர் இருக்கிறதா என்பதைத்தான். முதலாண்டில் விழுந்ததை இரண்டாம் ஆண்டுக்குள் முடித்தவர்கள் நல்ல வேலைக்குப் போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் நாளில், போனில் அல்லாமல் நேரில் சொல்லுங்கள். எந்தத் தாளை எப்போது எழுதப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கோபப்படுவார்; படட்டும். பிறர் வாயால் தெரிந்துகொள்ளும் அப்பாவின் வருத்தம் அதைவிடப் பெரிது.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். ஒரே பாடத்தை ஐந்து முறை, வரி வரியாகக் கோடிட்டுப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது. தேர்வு அறையில் மறந்துவிடுகிறது. ஞாபக சக்திக்கு ஏதாவது மருந்து உண்டா?
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: மருந்து எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் நினைவாற்றலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் முறையை மாற்றினால் போதும். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பத்தியை மாணவர்கள் ஒருமுறை படித்த பிறகு, ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே சற்று முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவில் இருந்தது; மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான். ஐந்தாவது முறை படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்ததுபோல் இருப்பது, பக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டதால் வரும் உணர்வு. தேர்வு அறையில் அந்தப் பக்கம் உங்கள் முன்னால் இருக்காதே.

ஆகவே இரண்டு முறை கவனமாகப் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடுங்கள். எஸ்.என்.1, எஸ்.என்.2 என்ற பதிலீட்டு வினைகளை எடுத்துக்கொண்டால், ஒரு வெள்ளைத் தாளில் வினை எத்தனை படிகளில் நிகழ்கிறது, இடையில் கார்போகேட்டயன் உண்டாகிறதா, கருக்கவர் பொருள் எந்தப் பக்கமிருந்து தாக்குகிறது என்று படத்தோடு எழுதிப் பாருங்கள். தடுமாறும் இடத்தில் பேனா நிற்கும். அப்போது புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். அடுத்த நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அதே தாளை மனத்திலிருந்து எழுதுங்கள். முதல் சில நாட்கள் இது கடினமாகவும், ஒன்றுமே தெரியாததுபோலவும் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்தார்களே, அங்கேயும் பார்க்காமல் சொல்வதுதானே பயிற்சியாக இருந்தது!

கேள்வி: என் மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வெள்ளிக்கிழமை மாலையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறான். கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. போன வாரம், "படிப்பை நிறுத்திவிடட்டுமா அம்மா?" என்றான். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: அவன் உங்களிடம் அப்படிக் கேட்டிருக்கிறான் என்பதில் எனக்குச் சற்று ஆறுதல். வீட்டை விட்டு முதன்முறை வெளியே தங்கும் பிள்ளைகளில் பலருக்கு முதல் இரண்டு மாதங்கள் இப்படித்தான் இருக்கும். ஆனால் அவனுடைய வருத்தம் அதுமட்டும்தான் என்று நாமாக முடிவு செய்துவிடவும் கூடாது. "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். அறையில் யார் யார் இருக்கிறார்கள், மதியம் யாரோடு சாப்பிடுகிறான், எந்த வகுப்பு வந்தால் மனம் கனக்கிறது, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று ஒவ்வொன்றாக, சமையல் வேலைக்கு நடுவில் பேசுவதுபோல் கேளுங்கள். இந்தப் பாடப்பிரிவை அவன் விரும்பித்தான் எடுத்தானா என்பதையும் நீங்களும் உங்கள் கணவரும் மனச்சாட்சியோடு யோசியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

அவனிடம் சொல்லிவிட்டு, அவனுடைய வகுப்பு ஆலோசகரைப் பாருங்கள். அவனுக்குத் தெரியாமல் போனால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். ஒரு மாதம் வீட்டுக்கு வராமலே இரு என்று கண்டிப்பதும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பேசி வைத்துக்கொள்ளலாம். தூக்கம் கெட்டு, பேச்சு நின்று, வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நீங்களே கூட அழைத்து யோசனை கேட்கலாம். ஓர் ஆண்டுப் படிப்பு போனால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், அம்மா.

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் முதல் ஷிப்டில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன். மதியத்துக்கு மேல் ஜவுளிக் கடையில் இரவு பத்து மணி வரை வேலை. இதுவரை 14 நாள் கல்லூரிக்குப் போகவில்லை. தீபாவளி வியாபாரத்துக்கு முழு நேரமும் வரச் சொல்கிறார் முதலாளி. என்ன செய்வது?
– மாணவர், திருநெல்வேலி

பதில்: ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு வருகைக்கு நீங்கள் விடக்கூடியது 22 நாள். உங்கள் கையில் இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலும் ஊரில் விசேஷம் வந்தாலும் அந்த எட்டில்தான் அடங்க வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு உரிய காரணம் இருந்தால் கட்டணம் கட்டித் தேர்வெழுத அனுமதிக்கும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் அதை உடல்நலம் கெட்டுப்போகும் நாளுக்காக விட்டுவையுங்கள், கடைக்காகச் செலவழிக்காதீர்கள். தீபாவளி முடிந்த சூட்டோடு செமஸ்டர் தேர்வு வந்துவிடும். முதலாளியிடம் தேர்வு அட்டவணையைக் காட்டி, ஞாயிறு முழுவதும், விடுமுறை நாட்கள் முழுவதும் வருகிறேன், கல்லூரி நாளில் மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கூட்டம் அலைமோதும் நாளில் சொன்னால் அவருக்கும் கோபம் வரும்.

நீங்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மாணவிகளுக்கு இதுபோல் 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. வரவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தில், உதவித்தொகைகளைக் கவனிப்பவர் யார் என்று கேளுங்கள். ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணையாததால் பணம் நின்றுபோன பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் உதவித்தொகைக்கும் அதே மேசையில் விண்ணப்பம் கேளுங்கள். அந்த மேசைக்குப் போக வெட்கப்பட்டுக்கொண்டு, இரவு பத்து மணி வரை துணி மடிக்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கேள்வி: விடுதியில் சீனியர்கள் இரவில் கூப்பிட்டுப் பாடச் சொல்கிறார்கள், ரெக்கார்டு நோட்டு எழுதச் சொல்கிறார்கள். இது ராகிங்கா, விளையாட்டா?
– மாணவர், பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: விருப்பமில்லாமல் செய்ய வைத்தால் ராகிங்தான். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கே சொல்லத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழையுங்கள். இன்றிரவே வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முதலாண்டிலேயே கோடிங் வகுப்பில் சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும் என்று ஒரு பயிற்சி நிறுவனத்தில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். மகளுக்காகக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன்.
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: வாங்காதீர்கள். முதல் இரண்டு செமஸ்டரில் கல்லூரிப் பாடங்களோடு வரும் நிரலாக்கமே அவளுக்குப் போதிய வேலை. அதைத் தாண்டி ஆர்வமிருந்தால், ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரி வழியாகப் பயிற்சிகள் இருக்கின்றன. மகளிடம் சொந்தமாக ஒரு கணினி இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கை அதற்குச் செலவிடுங்கள். மிச்சத்துக்குக் கடன் தேவைப்படாது.